ராக்கம்மாவுக்கு 4, குயீனுக்கு 10... 'பெஸ்ட் லைவ்' யாரு? ஒரகடம் ரூமில் ஒரு பட்டிமன்றம்!

இரவு பதினொன்றரை. ஒரகடம் ஜங்ஷனில் செகண்ட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசைகட்டும் நேரம். அப்போதுதான் என் சித்தி பையனிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. ஒரு லிங்க், கீழே ஒரே ஒரு வரி: "அக்கா, இந்த லிஸ்ட்ட யாரு போட்டது? ரூம்ல அடிதடி நடக்குது!"

திறந்து பார்த்தேன். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2013-ல் வெளியிட்ட பட்டியல். அன்றைய தேதிக்கு மேடையில் கலக்கிக்கொண்டிருந்த 50 பேர். முதலிடம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்கும் அவருடைய ஈ ஸ்ட்ரீட் பேண்டுக்கும். இரண்டாவது பிரின்ஸ். மூன்றாவது ரோலிங் ஸ்டோன்ஸ். பத்து வருடங்களுக்கு மேல் பழசான பட்டியல்தான். ஆனால், சண்டைக்கு ஏது எக்ஸ்பயரி டேட்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுங்குவார்சத்திரத்துக்குப் பஸ் ஏறினேன். சண்டையை நேரில் பார்க்க ஓர் ஆசை. இன்னொரு காரணமும் உண்டு. டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து வாரத்துக்கு இரண்டு 'டாப் 10' எழுதுகிறவள் நான். இப்படிப்பட்ட லிஸ்ட்டை யார் போடுகிறார்கள் என்று தம்பி கேட்டால், பதில் என் கண்ணாடியில் தெரியும்.

ஆறு பேர், ஒரு ஃபேன், நாலு கட்சி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பட்டையில் எங்கு பார்த்தாலும் இப்படி ரூம்கள்தான். கார், பைக், லாரி, டயர், செல்போன் என்று வெளியே பெரிய பெரிய பெயர்ப் பலகைகள். உள்ளே தெருவுக்குள் போனால் பத்துக்குப் பத்து அறைகள். தம்பியின் ரூமில் ஐந்து பேர் தங்கியிருக்கிறார்கள். பக்கத்து அறை அசாம் இளைஞரையும் சேர்த்தால் வாதத்துக்கு ஆறு பேர்.

தம்பி குயீன் கட்சி. "ஃப்ரெடி மெர்குரி இல்லாத லிஸ்ட் ஒரு லிஸ்ட்டாக்கா?" என்பது அவன் முதல் குற்றச்சாட்டு. அந்தப் பட்டியல் அப்போது மேடையேறிக்கொண்டிருந்தவர்களுக்கானது, மெர்குரி 1991-லேயே இறந்துவிட்டார் என்று சொன்னேன். "அதனால என்ன?" என்றான். ரசிகனிடம் லாஜிக் பேசக் கூடாது.

நாகர்கோவில்காரர் சர்ச்சில் கிடார் வாசித்து வளர்ந்தவர். அவர் மெட்டாலிகா கட்சி. "மக்கா, அந்த கிடார் ரிஃப் ஆரம்பிச்சா எவன் நிப்பான்?" மூன்றாமவர் கட்சி மாறாத ராஜா ரசிகர். நான்காமவருக்கு ரஹ்மானைத் தவிர யாரும் மேடை ஏறவே கூடாது. அசாம் இளைஞர் சிரித்துக்கொண்டே ஷில்லாங் பக்கம் கைகாட்டினார்.

ஐந்தாவது ரூம்மேட் எதுவும் பேசவில்லை. மூலையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் பிறகு வருகிறேன்.

21 நிமிடம், ஒரு சாயங்காலம்

தம்பியின் கட்சிக்குப் பலமான சாட்சி உண்டு. 1985 ஜூலை 13. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்லி மைதானத்திலும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் நடந்த 'லைவ் எய்ட்' நிகழ்ச்சி. குயீனுக்குக் கிடைத்தது சுமார் 21 நிமிடம். லண்டன் கோடைக்காலம் என்பதால் வெளிச்சம் மங்கவில்லை. லைட்டிங் வித்தை எதுவும் காட்ட முடியாது. மெர்குரி மைக் ஸ்டாண்டில் பாதியைப் பிடித்துக்கொண்டு 'ஏ... ஓ...' என்று இழுத்தார். எழுபதாயிரம் பேருக்கும் மேல் அதையே திருப்பிப் பாடினார்கள். 2005-ல் பிரிட்டனின் சேனல் 4, கலைஞர்கள், பத்திரிகையாளர்கள், இசைத்துறையினர் என்று 60-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டபோது உலகின் மிகச் சிறந்த ராக் நிகழ்ச்சியாக அவர்கள் தேர்ந்தெடுத்தது அந்த 21 நிமிடத்தைத்தான்.

"பாத்தியாக்கா!" என்று செல்போனை நீட்டினான் தம்பி. அவன் அடிக்கடி பார்க்கும் லைவ் எய்ட் வீடியோ அது. பார்த்தேன். மீசை சரி, வெள்ளை பனியன் சரி. முகம் மட்டும் ராமி மாலெக்! 2018-ல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' படத்தின் கிளைமாக்ஸ். மாலெக் ஆஸ்கர் வாங்கினாரே, அதே காட்சி. இத்தனை நாளாகத் தம்பி உலகின் சிறந்த லைவ் என்று சத்தியம் செய்துகொண்டிருந்தது, செட் போட்டு எடுத்த சினிமாவுக்கு.

ரூமே கைகொட்டிச் சிரித்தது. ஆனால், சிரிப்பு அடங்கியதும் எனக்கு உறைத்தது. போன மாதம் நான் எழுதிய 'மறக்க முடியாத 10 லைவ் கச்சேரிகள்' கட்டுரையில், நான் நேரில் பார்த்தது ஒன்றே ஒன்று. மீதி ஒன்பதும் யூடியூப்.

எல்லா லைவ் பட்டியலுக்கும் அடியில் இருக்கும் ஓட்டை இதுதான். ஆல்பத்தை யாரும், எப்போதும் கேட்கலாம். லைவ் என்பது ஓர் ஊரில், ஒரு ராத்திரியில் நடந்து முடிந்துவிடுவது. ஓட்டுப் போடுகிற ஒருவர் 50 பேரையும் நேரில் பார்த்திருக்க வேண்டுமானால், அவர் எந்த ஊரில் வசிக்க வேண்டும், கையில் எவ்வளவு காசு வேண்டும், எத்தனை ராத்திரி ஓய்வாக இருக்க வேண்டும்?

ராஜா, குயீனைத் தோற்கடித்த கதை

"அப்ப பொதுமக்கள் ஓட்டுப் போட்டா சரியா வருமா?" என்று கேட்டார் ராஜா ரசிகர். அவருக்காகவே ஒரு கதை எடுத்துப் போயிருந்தேன்.

2002-ல் பி.பி.சி. வேர்ல்ட் சர்வீஸ், உலகின் தலைசிறந்த பாட்டு எது என்று நேயர்களிடம் இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தியது. முதலிடம் ஓர் அயர்லாந்து விடுதலைப் பாட்டு. இரண்டாவது வந்தே மாதரம். மூன்றாவது பாகிஸ்தானின் 'தில் தில் பாகிஸ்தான்'. நான்காவது? 1991-ல் வந்த 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு'. இளையராஜா இசை, எஸ்.பி.பி., ஸ்வர்ணலதா குரல். ஐந்தாவதும் தமிழ்தான், திருமலை சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. எட்டாவது இடத்தில் அமெரிக்கப் பாடகி ஷெர். பத்தாவது இடத்தில்... குயீனின் 'பொஹீமியன் ராப்சடி'.

ராஜா ரசிகர் கட்டில்மேல் ஏறி நின்றுவிட்டார். "கேட்டியாடா? ராஜா நாலு, ராணி பத்து!"

சந்தோஷம்தான், எனக்கும். ஆனால், அந்தப் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். அயர்லாந்து, இந்தியா, பாகிஸ்தான், தமிழ்நாடு, புலம்பெயர்ந்த ஈழத் தமிழர்கள், நேபாளம்... பாட்டை எடைபோட்ட பட்டியலாக இது தெரியவில்லை. 'எங்களை ஒரு பொருட்டாக நினைக்கிறீர்களா?' என்று ஒவ்வோர் ஊரும் கையைத் தூக்கிக் காட்டிய வருகைப் பதிவேடாகத்தான் தெரிகிறது. நிபுணர்கள் ஓட்டுப் போட்டால் அவர்கள் பார்த்தது மட்டும் வருகிறது. மக்கள் ஓட்டுப் போட்டால் யாருக்கு மனது துடிக்கிறதோ அவர்கள் ஊர் வருகிறது.

2023 ஜனவரியில் இதே ரோலிங் ஸ்டோன் உலகின் 200 சிறந்த பாடகர்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அரீத்தா ஃப்ராங்க்ளின் முதலிடம். லதா மங்கேஷ்கர் 84. நுஸ்ரத் ஃபதே அலி கான் 91. எஸ்.பி.பி. இல்லை. எஸ்.ஜானகி இல்லை. கனடாவின் செலின் டியான்கூட இல்லை. அவருடைய ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. நியூயார்க்கில் அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கே போய்ப் போராட்டம் நடத்தினார்கள். "பாத்தீங்களா, போராடுனாத்தான் எதுவும் நடக்கும்" என்றார் நாகர்கோவில்காரர். இந்தப் பட்டையில் வேலை செய்கிறவர் வாயில் அந்த வரி வேறு மாதிரி ஒலித்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவர் உட்பட.

நம்ம பக்கத்து ராக்

இந்தியாவில் ராக் லைவ் என்றால் பெரும்பாலும் பேச்சு பெங்களூருக்குத்தான் போகும். 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன், 2011 அக்டோபரில் மெட்டாலிகா. மூன்றும் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ். சென்னையிலிருந்து பஸ்ஸிலும் காரிலும் கிளம்பிய ரசிகர்கள் போனது ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் செல்லும் இதே தேசிய நெடுஞ்சாலையில்தான். "அப்ப நாங்க ஸ்கூல்ல. இப்ப அதே ரோட்டுல தினமும் கம்பெனி பஸ்ல போறோம், தூங்கிட்டே" என்றார் மெட்டாலிகாகாரர்.

சென்னைக்கும் வந்திருக்கிறார்கள். ஸ்வீடனின் ஓபெத் 2009-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸின் சாரங் விழாவில் திறந்தவெளி அரங்கத்தை அதிர வைத்தது. எட் ஷீரன் 2025 பிப்ரவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் பாடியபோது ரஹ்மானும் மேடையேறினார். அந்த ரஹ்மானே 1980-களில் சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் பேண்டில் கீபோர்டு வாசித்தவர்தான்.

நம் மொழியிலேயே ராக் வேண்டும் என்றால் 2018 ஜனவரி 6-ஐச் சொல்ல வேண்டும். கீழ்ப்பாக்கத்தில் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவை முதல்முறையாக மேடையேற்றிய நாள். கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். பறையும் எலெக்ட்ரிக் கிடாரும் பக்கத்தில் பக்கத்தில். சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கிவைத்த கானா, டிரம்ஸ் கிட்டோடு நிமிர்ந்து நின்றது. உலகப் பட்டியலில் வந்தாலும் வராவிட்டாலும், அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அது நம்பர் 1-ஆக இருக்க எல்லா நியாயமும் உண்டு.

அசாம் இளைஞரின் ஷில்லாங் கதையும் அப்படித்தான். மேகாலயாவின் லூ மஜாவ் என்ற பாடகர், 1972-லிருந்து ஆண்டுதோறும் மே 24 அன்று பாப் டிலனின் பிறந்தநாளுக்கு அங்கே கச்சேரி நடத்திவருகிறார். டிலன் வந்ததில்லை. அதனால் இவர் நிறுத்தியதும் இல்லை. "இந்த லிஸ்ட்ல அவரு எத்தனையாவது?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார் அசாம்காரர். ஒருவருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

பத்து மணிக்கு முடியும் கச்சேரி, பதினொன்றரைக்கு முடியும் ஷிப்ட்

"சரி, நீங்க ஆறு பேரும் கடைசியா நேர்ல பாத்த லைவ் எது?" என்று கேட்டேன்.

ரூம் அமைதியானது. ரஹ்மான் ரசிகர் மட்டும் கை தூக்கினார். 2023 செப்டம்பர் 10, ஈ.சி.ஆர். பனையூரில் நடந்த 'மறக்குமா நெஞ்சம்'. ஆகஸ்ட் 12-ல் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. அன்று கூட்டம் கட்டுக்கடங்காமல் போய், டிக்கெட் இருந்தும் உள்ளே போக முடியாமல் ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பியதும், பெண்களும் குழந்தைகளும் பட்ட பாடும், பிறகு ரஹ்மான் வருத்தம் தெரிவித்துப் பணம் திருப்பித் தரப்பட்டதும் நமக்குத் தெரியும். "நான் கேட்டு வரைக்கும் போனேன். உள்ள போகல. அது கணக்குல வருமாக்கா?" என்றார்.

வேலைக்கு வந்த பிறகு மற்றவர்கள் எந்தக் கச்சேரிக்கும் போனதில்லை. காரணம் ரசனைக் குறைவா? சென்னை நகரம் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால், ஷிப்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி, திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு வருடத்தில் 15 நாள் வரை நள்ளிரவுவரை தளர்வு கொடுக்கலாம், அவ்வளவுதான். கச்சேரி ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு முடிகிறது. செகண்ட் ஷிப்ட் முடிவது அதற்கும் பிறகு. ஃபர்ஸ்ட் ஷிப்ட்காரர் நாலு மணிக்கு எழ வேண்டும். நைட் ஷிப்ட்காரர் கச்சேரி நேரத்தில் பஸ்ஸில் இருப்பார். விதியைக் குறை சொல்லவும் முடியாது. விடியற்காலை வேலைக்குப் போகிறவர் தூங்க வேண்டாமா?

பெண்களுக்கு இன்னொரு பூட்டு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பிரமாண்ட விடுதிக் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு சின்ன ஊரின் ஜனத்தொகை அது. ராத்திரி கச்சேரிக்குப் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்ப அவர்களில் எத்தனை பேருக்கு வழி இருக்கும்? எந்தப் பத்திரிகைப் பட்டியலும் 'ரசிகர் எப்படி வீடு திரும்பினார்?' என்பதற்கு மார்க் போட்டு நான் பார்த்ததில்லை. என் அடுத்த பட்டியலில் நான் போடப்போகிறேன்.

வெங்காயம் நறுக்கியவர் பேசினார்

அதுவரை வாய் திறக்காத ஐந்தாமவர் கத்தியைக் கீழே வைத்தார். "அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா? கரண்டு போனா என்ன பண்றான்னு பாக்கணும். அதுதான் லைவு."

திண்டிவனம் பக்கத்துக்காரர். பத்தாவது படிக்கும்போதே மெல்லிசைக் குழுவில் பேட் வாசிக்க ஆரம்பித்தவர். ஆக்டோபேடைத்தான் குழுக்களில் 'பேட்' என்பார்கள். எட்டுச் சதுரங்கள், இரண்டு குச்சி. அதில் தவில், உடுக்கை, டிரம்ஸ் எல்லாம் வரும். ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் கச்சேரிகள். முதலில் பிள்ளையார் பாட்டு, அடுத்து அம்மன் பாட்டு, பிறகு எம்.ஜி.ஆர்., சிவாஜி, ராஜா, ரஹ்மான், கடைசியில் குத்துப்பாட்டு. நடுவே கூட்டத்திலிருந்து சீட்டில் எழுதி வரும் நேயர் விருப்பம். வரும் சீட்டைப் பார்த்து அந்த நொடியில் ஸ்கேல் பிடித்து வாசிக்க வேண்டும்.

"ஒரு ஊர்ல பாட்டு பாதில கரண்டு போச்சு. ஜெனரேட்டரும் மக்கர். கீபோர்டு செத்துச்சு, என் பேடும் செத்துச்சு. கரண்டு இல்லைனா அது வெறும் பலகைதானே? தபேலாக்காரரு மட்டும் நிறுத்தல. நான் இரும்பு சேரைக் கவுத்துப் போட்டு அதுல தட்ட ஆரம்பிச்சேன். பாட்ட ஊரே பாடுச்சு. லைட்டு வந்தப்ப யாருக்கும் மைக்கு தேவைப்படல."

எனக்குச் சட்டென்று அதே லைவ் எய்ட் நினைவுக்கு வந்தது. அன்றைய இரவு, பால் மெக்கார்ட்னி பியானோவில் அமர்ந்து பாட ஆரம்பித்தபோது மைக் வேலை செய்யவில்லை. முதல் இரண்டு நிமிடம் போல அவர் குரல் கேட்கவே இல்லை. நிறுத்தாமல் வாசித்தார், கூட்டம் சேர்ந்து பாடியது. வெம்ப்லியும் திண்டிவனமும் அந்த இடத்தில் ஒன்றுதான். 'நாலு மணி நேரம் பாடுவாரு' என்று ஸ்பிரிங்ஸ்டீனைக் கொண்டாடுகிறார்கள். 2012-ல் ஹெல்சிங்கியில் நான்கு மணி நேரம் ஆறு நிமிடம் பாடியது அவருடைய சாதனை. அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். பத்து மணிக் கட்டுப்பாடெல்லாம் எட்டாத உள்கிராமங்களில் விடிய விடிய வாசித்த கதைகளைப் பெரிய வாத்தியக்காரர்களிடம் கேட்டு வளர்ந்தவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்த நாடு அல்லவா இது?

2020-ல் கொரோனா வந்தது. இரண்டு ஆடிக்குத் திருவிழாவே இல்லை. குழு கலைந்தது. அவர் பேடை விற்றார். காண்ட்ராக்டில் இங்கே ஒரு தொழிற்சாலைக்கு வந்துவிட்டார். போன வருடம் பழைய பேட் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். பரண்மேல் பெட்ஷீட் சுற்றி இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாது என்று தலையணையில்தான் பிராக்டிஸ்.

தம்பி சும்மா இருக்கவில்லை. "அக்கா, இந்த வல்லம் வடகால்ல யமஹா பைக் கம்பெனி இருக்குல்ல? அவங்க லோகோ என்னன்னு தெரியுமா?" தெரியும். மூன்று இசைக்கவைகள். 1887-ல் ஒரு ஆர்கனைப் பழுது பார்த்ததில் தொடங்கிய நிறுவனம் அது. நம் கச்சேரி மேடைகளில் கீபோர்டில் இருக்கும் அதே பெயர்தான் பைக் டேங்கிலும். "இவனும் அப்படித்தான். மேல ஃபேக்டரி, உள்ள பாட்டு" என்றான், நண்பனின் தோளைத் தட்டி.

ரூமின் பட்டியல்

கடைசியில் ஆறு பேரும் சேர்ந்து காலண்டர் பின்பக்கத்தில் பெயர்களை எழுதவில்லை. கேள்விகளை எழுதினார்கள். நேரில் பார்த்தாயா? ஏதாவது கெட்டுப்போனபோது என்ன செய்தார்கள்? எதிரில் இருந்த கூட்டத்துக்காக வாசித்தார்களா, கேமராவுக்காகவா? டிக்கெட் உன் ஒரு வாரச் சம்பளத்துக்குள் இருந்ததா? கூட வந்த அக்கா தங்கச்சி நிம்மதியாக வீடு திரும்பினார்களா? அடுத்த முறை யார் எந்த லிஸ்ட்டை அனுப்பினாலும் இந்த ஐந்துக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் சண்டை போட வேண்டும் என்று தீர்மானம்.

பேட்காரருக்கு வருகிற ஆடியில், நாலாவது வெள்ளிக்கிழமை, சொந்த ஊர்ப் பக்கம் ஒரு கச்சேரி வந்திருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டால் அந்த மாதத்து அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். கச்சேரிக்குக் கிடைக்கும் பணம் அதைவிடக் குறைவு. "போகாம இருந்தா கை மறந்துடும்கா" என்றார். போகப்போகிறார்.

நான்கு பேர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூடவே போகிறார்கள், அசாம்காரர் உட்பட. தம்பிக்கு மட்டும் மாற்ற ஆள் கிடைக்கவில்லை. பிரேக் டைமில் வீடியோ கால் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறான்.

"வீடியோ கால்ல பாத்தா அது லைவா, லைவ் இல்லையா?" என்று கொளுத்திப்போட்டார் மெட்டாலிகாகாரர்.

நான் கிளம்பும்போது அடுத்த பட்டிமன்றம் ஆரம்பித்திருந்தது. உங்கள் தீர்ப்பு என்ன? அப்படியே, நீங்கள் நேரில் பார்த்ததில் உங்கள் நம்பர் 1 யார் என்பதையும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அப்பாவிடமும் பாட்டியிடமும் முதலில் கேளுங்கள். நாம் யூடியூபில் தேடியும் கிடைக்காத பெயர்கள் வரும்.